ஐந்தாண்டு மேயர்கள்

1999ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் பிறந்த ஒரு பெண், கல்லூரியில் கணிதம் பயின்றுகொண்டிருந்த நிலையிலேயே, 2020 டிசம்பர் 28ஆம் தேதியன்று திருவனந்தபுரம் மாநகரசபையின் மேயராகப் பிரமாணம் எடுத்துக்கொண்டபோது, தேசம் முழுவதும் அந்தச் செய்தியை ஆச்சரியத்தோடு வாசித்தது. முடவன்முகள் வார்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்யா ராஜேந்திரனின் தந்தை எலக்ட்ரீஷியன், தாயார் எல்.ஐ.சி. ஏஜெண்ட். செல்வமோ பரம்பரை அரசியல் பின்னணியோ இல்லாத ஒரு குடும்பத்தில் பிறந்தவருக்கு, மார்க்ஸிஸ்ட் கட்சியைச் சார்ந்த பாலசங்கத்திலும் மாணவர் சங்கத்திலும் பெற்ற பயிற்சி ஒன்றையே மூலதனமாகக் கொண்டு, இருபத்தொன்றாம் வயதில் ஒரு தலைநகரத்தின் முதல் பிரஜை என்ற ஸ்தானம் கிடைத்தது நம் ஜனநாயகத்துக்குப் பெருமை தரும் விஷயம்தான். ஐந்தாண்டுகள் கழிந்தன. 2025 டிசம்பரில் மறுபடி தேர்தல் வந்தது. வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருடைய கட்சியும் நகரத்தை இழந்தது. இருபத்தேழு வயது நிறைவதற்கு முன்பே அவர் மாஜி மேயராகிவிட்டார்.

அவரைப் புகழ்வதோ இகழ்வதோ இங்கே என் நோக்கமாகாது. தற்காலிக ஊழியர்களை நியமிக்கக் கட்சியிடம் பட்டியல் கேட்டு அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம் 2022 நவம்பரில் வெளிவந்ததும், அதைத் தாம் எழுதவில்லை என்று அவர் மறுத்ததும், அதன் காரணமாக மாநகரசபை வாசலில் பல வாரங்கள் கிளர்ச்சி நடந்ததும் அவருடைய காலத்தில்தான்; நிலைத்த வளர்ச்சிக்காக ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பும் ஷாங்காய் நகரமும் சேர்ந்து அளிக்கும் விருது 2025இல் இந்நகருக்குக் கிடைத்ததும் அவருடைய காலத்தில்தான். ஆகவே அவருடைய நிர்வாகத்தைப் பற்றி இரண்டு விதமான அபிப்பிராயங்கள் உலவுவது இயல்பு. என் கவலை வேறு. நகரத்தின் தெருக்களையே பாடசாலையாகவும், அதன் வெள்ளங்களையும் குப்பைகளையும் திருவிழாக்களையுமே பாடங்களாகவும் கொண்டு ஐந்து வருஷம் ஒருவர் கற்ற கல்வி, அது முற்றிப் பயன் தரவேண்டிய தருணத்தில் நகரத்தை விட்டு எங்கே போகிறது என்பதே என்னை வருத்தும் கேள்வி.

இந்தக் கேள்வியைப் பழவங்காடியில் நின்று கேட்பது பொருத்தம். கிழக்கேகோட்டை வாசலுக்கு வெளியே, இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்ட் நிர்வகிக்கும் கணபதி கோயிலில் நாள் முழுவதும் தேங்காய்கள் உடைபட்டுக்கொண்டிருக்க, ஒரு பக்கம் நகரப் பேருந்துகள் வந்து நெருக்க, இன்னொரு பக்கம் ஆ. மாதவன் தம் கதைகளுக்குக் களமாகக் கொண்ட சாலைக் கடைவீதி ஆரம்பிக்க, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கும் இந்த முக்கு, நகரத்தின் மிகப் பழைய வியாபார ஸ்தலங்களில் ஒன்று. அதே சமயம் நகரத்தின் மிகத் தாழ்வான பகுதிகளிலும் ஒன்று. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் தம்பானூர் ரயில் நிலையத்தின் எதிரிலும் பழவங்காடியிலும் முழங்கால் அளவு நீர் நிற்பதை இந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறார்கள். மளிகைக் கடைக்காரர்கள் அரிசி மூட்டைகளை அடித்தட்டில் வைப்பதில்லை. கடை வாசற்படிக்குக் குறுக்கே பலகை செருகுவதற்கென்றே இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி வைத்திருப்பவர்களும் உண்டு.

இந்த நீர் வடிய வேண்டிய வழி ஆமையிழஞ்சான் தோடு. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாய், நகரின் மேட்டுப் பகுதியில் தோன்றி, தம்பானூர் ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கும் அதிகமான தூரம் சுரங்கமாகச் சென்று, பழவங்காடி, தகரப்பறம்பு, வஞ்சியூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் கலக்கிறது. பழவங்காடிப் பக்கத்தில் அதன் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்கு அதன் நிலை தெரியும்: கறுத்த நீர், அதன் மேல் மெத்தையாகப் படிந்த பிளாஸ்டிக் பைகளும் தெர்மோகோல் துண்டுகளும், சுவரில் வெவ்வேறு உயரங்களில் வாய் திறந்து நிற்கும் குழாய்கள், அவற்றில் எது மழைநீர்க் குழாய், எது சாக்கடைக் குழாய் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் இயலாத நிலை. ஒரே கால்வாய்க்கு எஜமானர்கள் பலர். சுரங்கப் பகுதி ரயில்வேயைச் சேர்ந்தது. கால்வாயின் பராமரிப்பு நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்தின் வசம். குப்பை மாநகரசபையின் தலைமேல். வெள்ளம் வந்தால் மட்டும் ஜனங்கள் ஒரே ஒருவரைத்தான் தேடுவார்கள். அவர் மேயர்.

2015ஆம் ஆண்டில் இந்த வெள்ளத்துக்கு ஒரு முடிவு காணும் பிரயத்தனம் தொடங்கியது. 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டத்தில், 2005ஆம் வருஷத்துப் பேரிடர் நிர்வாகச் சட்டத்தின் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்வாய்களின் மேல் எழுந்திருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. மூடிக்கிடந்த ஓடைகள் தோண்டப்பட்டன. கிழக்கேகோட்டையைச் சுற்றி இப்படியொரு வாய்க்கால் இருந்ததா என்று பெரியவர்களே வியக்கும்படி தெக்கனங்கரைக் கால்வாய் வெளிச்சத்துக்கு வந்தது. திட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் அப்போதைய தலைமைச் செயலாளரும் ஜில்லா கலெக்டரும். அவர்களுடைய உறுதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் உத்தியோகஸ்தர் என்பவர் மாற்றலுக்கும் ஓய்வுக்கும் உட்பட்டவர். அவர்கள் அகன்ற பிறகு திட்டம் தன் வேகத்தை இழந்தது. தேர்தலில் நின்று, அந்த ஓடைக்கரையிலேயே வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கவேண்டிய ஒருவருடைய வாழ்நாள் பணியாக அது ஆகியிருந்தால் அப்படி நடந்திருக்காது என்பது என் திடமான நம்பிக்கை.

2024 ஜூலை 13ஆம் தேதி என்ன நடந்தது என்பதைத் திருவனந்தபுரத்தில் யாரும் மறக்க முடியாது. ரயில் நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கப் பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, மழையில் திடீரென்று பெருகிய நீரில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையும், தேசியப் பேரிடர் மீட்புப் படையும், கடைசியில் கடற்படையும் வந்து தேடின; குப்பை மலைபோல் அடைத்துக்கொண்டிருந்ததால் மூழ்குவீரர்களால் உள்ளே நகர முடியவில்லை; இயந்திர மனிதனை இறக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, தகரப்பறம்பில், பழவங்காடியை அடுத்த இடத்தில், அந்த ஏழையின் சடலம் தானாக மேலே வந்து மிதந்தது. அந்த மூன்று நாட்களிலும் ரயில்வே மாநகரசபையைக் குறை கூறியது. மாநகரசபை ரயில்வேயைக் குறை கூறியது. ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இளம் மேயர் பொது இடத்தில் குலுங்கி அழுததைத் தொலைக்காட்சியில் கண்ட பலருக்கு அது பலவீனமாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. நகரசபைப் பொறுப்பு என்பது என்ன என்பதை எந்தப் புத்தகமும் கற்பிக்க முடியாத முறையில் ஒருவர் அன்று கற்றார். அந்தக் கல்வியைப் பெற்ற மனிதர் அடுத்த பத்து வருஷம் அந்தக் கால்வாயோடு மல்லாட வேண்டியவர். அவர் பதினேழே மாதங்களில் பதவியை விட்டு இறங்கினார்.

அவருக்கு முன்பு இருந்தவர்களின் வரலாறும் இதிலிருந்து அதிகம் மாறுபட்டதன்று. 1995 முதல் 2000 வரை மேயராக இருந்த வி. சிவன்குட்டி, பிறகு சட்டசபை அங்கத்தினராகி, நேமத்தில் 2016இல் தோற்று 2021இல் அதே தொகுதியை மீட்டு, கல்வி மந்திரியானார். 2015இல் கழக்கூட்டம் வார்டிலிருந்து வந்து மேயரான வி.கே. பிரசாந்தின் கதை இன்னும் தெளிவானது. சபையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத இக்கட்டான நிலையில் அவர் நான்கு வருஷம் நிர்வாகம் நடத்தினார். 2018இலும் 2019இலும் பெருவெள்ளம் கேரளத்தைச் சூறையாடியபோது, மாநகரசபையில் நிவாரணப் பொருட்கள் சேகரித்து, லாரி லாரியாக வடக்கு ஜில்லாக்களுக்கு அனுப்பி, இளைஞர்களால் 'மேயர் ப்ரோ' என்று பாசத்தோடு அழைக்கப்பட்டார். அந்தப் பெயரின் பலம் எவ்வளவு என்பது உடனே தெரிந்தது. 2016இல் எந்த வட்டியூர்க்காவு தொகுதியில் அவருடைய கட்சி மூன்றாம் இடத்தில் இருந்ததோ, அதே தொகுதியில் 2019 அக்டோபரில் நடந்த இடைத்தேர்தலில் அவர் 14,465 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். கட்சிக்கு அது மகத்தான லாபம். நகரத்துக்கு? அவருக்குப் பதிலாக வந்த கே. ஸ்ரீகுமார் ஏறத்தாழ ஒரு வருஷமே மேயராக இருந்தார். 2020 தேர்தலில் கரிக்கக்கம் வார்டில் தோற்றார். அதன் பிறகுதான் முற்றிலும் புதியவராக ஆர்யா வந்தார். ஆக, 2015க்கும் 2025க்கும் இடையில், ஒரே இடதுசாரி முன்னணியின் ஆட்சியிலேயே, மூன்று மேயர்கள். மூவரும் புதிதாகத் தொடங்கியவர்கள்.

2025 தேர்தலில் முடிவு தெரிந்த நூறு வார்டுகளில் ஐம்பதைப் பாரதீய ஜனதா கட்சி பெற்று, ஒரு சுயேச்சையின் ஆதரவோடு டிசம்பர் 26ஆம் தேதி வி.வி. ராஜேஷ் மேயரானார். கேரளத்தில் அந்தக் கட்சிக்கு ஒரு மாநகரசபையின் மேயர் பதவி கிடைப்பது அதுவே முதல் முறை. கட்சி மாற்றத்தைப் பற்றி இங்கு நான் எதுவும் கூறவில்லை. ஜனங்கள் மாற்ற விரும்பினால் மாற்றுவதுதான் தேர்தலின் பயன். புதிய மேயருக்கு ஓர் அனுகூலம் உண்டு: பூஜப்புரை வார்டின் பிரதிநிதியாக ஐந்து வருஷம் அவர் எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆயினும் அவரும் சபைக்குத் திரும்புவதற்குக் கொடுங்கானூர் என்ற வேறொரு வார்டுக்குச் சென்று நிற்கும்படி ஆயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நம் தேசத்தின் பெரிய தலைவர்களில் பலர் நகரசபையில் பயின்றவர்கள் என்பதை நாம் அடிக்கடி பெருமையோடு நினைவுகூர்வதுண்டு. ராஜாஜி 1917இல் சேலம் நகரசபையின் தலைவரானார். பெரியார் ஈரோடு நகரசபையின் தலைவராக இருந்தார். வல்லபாய் பட்டேல் 1924 முதல் 1928 வரை ஆமதாபாத் நகரசபைக்கும், ஜவாஹர்லால் நேரு அதே காலத்தை ஒட்டி அலகாபாத் நகரசபைக்கும் தலைமை வகித்தார்கள். இந்த உதாரணங்களைக் கேட்டுக் கேட்டே, நகரசபை என்பது பெரிய அரசியலுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு தங்குமிடம் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. அந்தக் காலத்தில் அது தவறாகாது. அந்நியர் ஆட்சியில் இந்தியருக்குத் திறந்திருந்த சில கதவுகளில் அது ஒன்று. விடுதலை பெற்ற பிறகும் அதே எண்ணத்தை நாம் சுமந்துகொண்டிருப்பதுதான் விபரீதம்.

சென்னை மேயராக 1939இலிருந்து ஒரே ஒரு வருஷம் இருந்த தீரர் சத்தியமூர்த்தி, நகரத்தின் குடிநீர்ப் பஞ்சத்தைப் போக்கப் பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டியே தீரவேண்டும் என்று யுத்த காலத்திலும் வாதாடி, 1940இல் அஸ்திவாரம் இடச் செய்தார். 1943இல் அவர் காலமானார். 1944இல் நீர்த்தேக்கம் பூர்த்தியாயிற்று. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு வருஷத்தில் அவர் சாதித்ததை ஐந்து வருஷத்தில் இவர்கள் ஏன் சாதிக்கக்கூடாது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அணைக்கட்டு ஒரு முறை கட்டினால் நிற்கும். அதைத் தொடங்கி வைக்க ஒரு மகா புருஷரின் ஒரு வருஷம் போதும். நகரத்தின் பெரும்பாலான வேலைகளோ அப்படிப்பட்டவையல்ல. ஓடையில் இன்று எடுத்த சேறு அடுத்த துலாவர்ஷத்துக்குள் மறுபடி நிறையும். இன்று பெருக்கிய தெரு நாளைக் காலையில் அழுக்காகும். இன்று உடன்பட்ட வீட்டுக்காரர் அடுத்த மாதம் தம் குழாயை மறுபடியும் தோட்டில் திருப்பிவிடுவார். இந்த வேலைக்கு வேண்டியது நீண்ட ஞாபகமும், சலியாத பழக்கமும், இந்த முடுக்கில் யார் யார் என்ற அறிவும்.

விளப்பில்சாலை விவகாரம் இதற்குச் சரியான சாட்சி. நகரத்தின் குப்பை முழுவதையும் அந்தக் கிராமத்தில் கொண்டுபோய்ப் பதப்படுத்துவதற்கு 2000ஆம் ஆண்டில் ஓர் ஆலை திறக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் துர்நாற்றத்தையும் கெட்டுப்போன கிணற்று நீரையும் பொறுத்த கிராம ஜனங்கள், தங்கள் பஞ்சாயத்துத் தலைவியான சோபனா குமாரியின் தலைமையில் எழுந்து, 2011 டிசம்பரில் அதை மூடவைத்தார்கள். ஒரு கிராமப் பஞ்சாயத்தின் தலைவி ஒரு மாநகரத்துக்கும் மாநில சர்க்காருக்கும் எதிராக நின்று ஜெயித்த அந்த அத்தியாயம், ஸ்தல ஸ்தாபன அரசியலின் சரித்திரத்தில் தனியாக எழுதத்தக்கது. தலைநகரமோ ஒரே நாளில் குப்பை போட இடமற்று நின்றது. வீதியோரங்களில் எரித்தார்கள், இரவில் தோட்டில் கொட்டினார்கள். பிறகு வீட்டுக்கு வீடு சமையலறைக் கழிவைத் தொட்டியில் மக்கச் செய்வது, வார்டுதோறும் உரக்கூடம் அமைப்பது, பிளாஸ்டிக்கை ஹரித கர்ம சேனையின் பெண்கள் வாசலுக்கு வந்து பெற்றுச் செல்வது என்று ஒரு புதிய ஏற்பாடு, மேயருக்குப் பின் மேயராக, கஷ்டப்பட்டுக் கட்டப்பட்டது. பச்சைச் சீருடையில் சாக்குப்பையோடு படியேறி வரும் அந்தப் பெண்ணுக்கு மாதக் கட்டணத்தைக் கொடுக்க மறுக்கும் வீட்டில், உட்கார்ந்து பேசிச் சம்மதம் வாங்கக்கூடியவர் அந்த வார்டின் கவுன்சிலர் ஒருவரே. அந்தக் கவுன்சிலர் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறினால், ஏற்பாடு ஒவ்வொரு தடவையும் ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கும்.

கவுன்சிலர்களின் திறமையை ஒரே நாளில் காணவேண்டுமானால் ஆற்றுக்கால் பொங்காலையன்று மாலையில் வரவேண்டும். கோயிலிலிருந்து பழவங்காடியும் தம்பானூரும் தாண்டி நகரத்தின் வீதிகளெல்லாம் லட்சக்கணக்கான பெண்கள் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டு, நிவேதனம் முடிந்து கலைந்த சில மணி நேரத்துக்குள், மாநகரசபைப் பணியாளரும் தொண்டர்களும் சாம்பலைக் கூட்டி, இலைகளை அள்ளி, லாரித் தொட்டிகளிலிருந்து நீரைப் பீய்ச்சி, நள்ளிரவுக்குள் வீதிகளை வழக்கமான நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். மிஞ்சிய செங்கற்களை ஏழைகளின் வீடு கட்டுவதற்காகச் சேகரித்துவைக்கும் ஏற்பாடும் உண்டு. எந்தச் சந்தில் லாரி நுழையும், எந்த வளைவில் நுழையாது, எந்த வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் கேட்கலாம், எந்தச் சங்கத்துப் பையன்களை எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் வருவார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இருப்பதால்தான் இந்த அற்புதம் வருஷந்தோறும் நிகழ்கிறது. இது ஆபீஸ் கோப்புகளில் எழுதிவைக்கப்படுகிற அறிவன்று.

இனி இந்த அறிவு எப்படிச் சிதறுகிறது என்பதைப் பார்ப்போம். கேரளம் இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டி என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1995 முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் இங்கே ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்திருக்கிறது; சென்னை மாநகராட்சியோ 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை ஒரு கவுன்சிலரும் இல்லாமல் உத்தியோகஸ்தர்களாலேயே நடத்தப்பட்டது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் மூலம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானதைக் கேரளம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பகிர்ந்தது. 2010 தேர்தல் முதல் ஸ்தானங்களில் சரிபாதியைப் பெண்களுக்கு அளித்தது. இவையெல்லாம் மகத்தான காரியங்கள். ஆனால் அந்தச் சரிபாதியை நடைமுறைப்படுத்தும் முறையில் ஒரு குறை புகுந்துவிட்டது. ஒரு தேர்தலில் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வார்டு அடுத்த தேர்தலில் பொதுவாகிறது. பொதுவாக இருந்தது பெண்களுக்குப் போகிறது. மேயர் பதவியும் அப்படியே: 2020இல் திருவனந்தபுரத்தில் அது பெண்களுக்குரியது; 2025இல் பொது.

விளைவு என்ன? ஒரு பெண் ஐந்து வருஷம் ஒரு வார்டில் உழைத்து, அதன் ஒவ்வொரு படிக்கட்டையும் அறிந்து, பயந்து பேசிய முதல் வருஷத்தைக் கடந்து, இலாகா எஞ்சினீயரை எதிர்த்துக் கேள்வி கேட்கும் தைரியம் பெற்ற சமயத்தில், "இது இனிப் பொது வார்டு, ஆண் ஒருவரை நிறுத்துகிறோம்" என்று கட்சி அவரிடம் சொல்கிறது. பொது வார்டில் பெண் நிற்கக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆயினும் கட்சிகள் பெண்களைப் பொது வார்டில் நிறுத்துவது அபூர்வம். அவ்வாறே நன்றாக உழைத்த ஆண் கவுன்சிலரும் தம் வார்டைப் பறிகொடுத்து, முன்பின் அறியாத வேறொரு வார்டில் அந்நியராகப் போய் நிற்கிறார், தோற்கிறார், அல்லது வெறுத்து ஒதுங்குகிறார். 2025 தேர்தலுக்கு முன்பு எல்லைகளும் திருத்தப்பட்டு வார்டுகள் 101 ஆனதில் பலருக்குத் தங்கள் வார்டே அடையாளம் தெரியாமல் போயிற்று. இதில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் மிகவும் வருந்தத்தக்கது. மறுபடி அதே ஜனங்களிடம் வாக்குக் கேட்கப் போவதில்லை என்று தெரிந்த பிரதிநிதியிடம் நான்காம் வருஷத்தில் எவ்வளவு சிரத்தையை எதிர்பார்க்க முடியும்?

இதற்கு அரசியல் சாசனத்தின்மேல் பழி போடுவது சரியாகாது. நகரசபைகளில் ஒதுக்கீட்டை விதிக்கும் 243டி ஷரத்து, ஒதுக்கிய ஸ்தானங்களைச் சுழற்சி முறையில் பங்கிடலாம் என்று அனுமதிக்கிறதேயொழிய, ஒவ்வொரு தேர்தலிலும் சுழற்றியே ஆகவேண்டும் என்று கட்டளையிடவில்லை. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் 1996இல் செய்த ஒதுக்கீடே 2001 தேர்தலுக்கும், 2006இல் செய்ததே 2011 தேர்தலுக்கும் செல்லுபடியாயிற்று. பத்து வருஷம் ஒரு ஸ்தானம் பெண்களிடமோ தாழ்த்தப்பட்ட மக்களிடமோ இருந்தால், அந்தப் பிரதிநிதி இரண்டாம் தடவையும் அதே ஜனங்களின் முன்பு நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். நன்றாக உழைத்தவர் தம் பெயரின் பலத்தில் திரும்பவும் வருவார். அதன் பிறகு வார்டு பொதுவானாலும் அவரை ஒதுக்கித் தள்ளக் கட்சிக்குத் துணிவு பிறக்காது.

பத்து வருஷம் ஒருவர் ஒரே இடத்தில் இருந்தால் அவர் அந்த இடத்துக்கே ராஜாவாகி, ஒப்பந்தக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து லஞ்சத்துக்கு இடம் கொடுப்பாரே என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் அர்த்தமற்றதன்று. தேசத்தின் பல நகரங்களில் அப்படிப்பட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் ஊழல் செய்ய விரும்புகிறவனுக்கு ஐந்து வருஷமே தாராளம். நல்லது செய்ய விரும்புகிறவருக்குத்தான் அது போதாது. பிரேசில் தேசத்துக் குரிடீபா நகரத்தின் மேயராக ஜைமி லெர்னர் 1971இலிருந்து 1992க்குள் மூன்று தடவை, இடையிடையே விலகியும் திரும்பியும், மொத்தம் பன்னிரண்டு வருஷங்கள் பணியாற்றினார். முதல் தடவையில், வெள்ளம் புகும் தாழ்ந்த நிலங்களைக் கான்கிரீட் கால்வாய்களாக ஆக்காமல், மழைநீர் தங்கிச் செல்லும் ஏரிகளும் பூங்காக்களுமாக மாற்றத் தொடங்கினார். 1974இல் பேருந்துகளுக்கென்று தனிப்பாதை அமைத்தார். பின்வந்த தடவைகளில் முன்பு நட்டதைத் தாமே பேணி வளர்த்தார். பிறகு அவர் மாகாண கவர்னருமானார். உயர்ந்த பதவிக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நகரத்தில் தொடங்கிய காரியத்தை ஓர் அளவுக்கு நிலைநிறுத்திவிட்டுப் போகட்டும் என்கிறேன்.

அதிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆமையிழஞ்சான் தோட்டுக்கு நாலைந்து எஜமானர்கள் இருக்கும்வரை, எவ்வளவு அனுபவசாலியான மேயரும் மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவராகவே இருப்பார். நகர எல்லைக்குள் ஓடும் நீரெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்து, அந்த நிர்வாகம் சபைக்குப் பதில் சொல்லும்படி செய்தாலொழிய, மேயர் பதவியைவிட எம்.எல்.ஏ. பதவியே மேல் என்று திறமைசாலிகள் கருதுவதை நாம் குறை கூற இடமில்லை. அதிகாரமில்லாத நாற்காலியில் நல்லவர்கள் நிலைத்திருக்க மாட்டார்கள்.

1920இல் நகரசபையாகி, சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானாக இருந்த காலத்தில், 1940 அக்டோபர் 30ஆம் தேதி மாநகரசபை அந்தஸ்தைப் பெற்று, சி.ஓ. கருணாகரனை முதல் மேயராகக் கொண்ட இந்த ஸ்தாபனம் தென்னிந்தியாவின் பழைய மாநகரசபைகளில் ஒன்று. அதற்கு இப்போது வேண்டியவை இரண்டு. வார்டு ஒதுக்கீடும் மேயர் பதவி ஒதுக்கீடும் இரண்டு தேர்தல்களுக்கு ஒரு முறை மாறும்படி 1994ஆம் வருஷத்துக் கேரள நகராட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டும். எல்லாக் கட்சிகளும், ஒரு தடவை ஜெயித்து நன்றாக உழைத்த பெண் கவுன்சிலர்களைப் பொது வார்டுகளில் தயங்காமல் நிறுத்த வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, மனம் இருந்தால் போதும். சாலை வியாபாரிகள் சங்கத்தினரும், கோட்டைக்குள் இருக்கும் குடியிருப்போர் சங்கத்தினரும், பழவங்காடியின் கடைக்காரர்களும் இந்த இரண்டையும் கோரிக்கையாக எழுதித் தங்கள் எம்.எல்.ஏ.விடமும் மேயரிடமும் நேரில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தேர்தல் 2030இல். திருத்தம் செய்யவேண்டிய சட்டசபையும், திருந்தவேண்டிய மாநகரசபையும் பாளையத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன.